கேம்பல் பேயிலிருந்து குரல் வந்துசேரும் நேரம்

1

மெயின்லேண்டில் அமர்ந்து இதை வாசிக்கும் நண்பரே, உங்களைத் தீர்ப்புச் சொல்ல நான் அழைக்கவில்லை. தீர்ப்பை நானே எழுதி, கையொப்பமிட்டு, உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். எனக்கு இப்போது வேண்டியவர் ஒரு சாட்சி. நான் சொல்வதை இன்று கேட்டுக்கொண்டு, என்றைக்காவது நான் மாற்றிப் பேசினால், "அன்று நீ இப்படித்தானே சொன்னாய்" என்று முகத்துக்கு நேராகக் கேட்கக்கூடிய ஒருவர். மேடையில் வளர்ந்தவனுக்கு நேற்றைய சொல்லை இன்று வேறு நிறத்தில் காட்டும் வித்தை தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: சற்று அருகில் வந்து நில்லுங்கள்.

மதுரையிலிருந்து புறப்பட்டு, சென்னையில் கப்பலேறி, போர்ட் பிளேர் துறைமுகத்தில் நான் கால்வைத்து மூன்று ஆண்டுகள் நிறைவடைந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அரசாணையில் ஊருக்கு இப்போது வேறு பெயர். படிவங்களில் அதை எழுதுகிறோம். ஆட்டோவில் ஏறினால் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். ஷாதிபூரில் அக்கா வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை. அக்காவின் கணவர், நான் மச்சான் என்று அழைப்பவர், துறைமுக அலுவலகத்தில் பணிபுரிகிறார். அன்று அக்கா பால் பாயசம் வைத்தாள். "மூணு வருசம் தாக்குப்பிடிச்சுட்டியேடா" என்றாள். அதே பகலில்தான் நான் ஒரு பட்டியலை அனுப்பினேன். அதில் இரண்டே பெயர்கள் இருந்தன.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மெயின்லேண்டுப் பல்கலைக்கழகம் ஒன்று சமுதாய நலவாழ்வில் ஓராண்டுப் பட்டயப் படிப்பை இணையவழியில், தமிழில் நடத்துகிறது. இத்தீவுகளில் படிக்கும் இருபத்துமூன்று பேருக்கு நான் வகுப்பாசிரியன். ஒப்பந்தப் பணி, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மாணவர்கள் எல்லாரும் என்னைவிட வயதில் மூத்தவர்கள். சுகாதாரப் பணியாளர்கள், மருந்துக் கடையில் நிற்பவர்கள், முதியோரைப் பராமரிப்பவர்கள். ஞாயிறு மாலை மூன்று மணிக்கு அவர்கள் பெயர்கள் என் திரையில் கறுப்புக் கட்டங்களாக வந்து நிற்கும். முகம் தெரியாது. காமிராவைத் திறந்தால் இணைப்பு அறுந்துவிடும் என்பதால் யாரும் திறப்பதில்லை.

பல்கலைக்கழகத்தின் விதி எளிமையானது. தொடர்ந்து நான்கு வகுப்புகளில் ஒருமுறைகூடக் குரல் கொடுக்காத மாணவர் 'செயலற்றவர்'. ஆசிரியர் அவர் பெயரை இணையதளத்தில் ஏற்றியவுடன் வகுப்பு இணைப்பு பூட்டிக்கொள்ளும். திங்கள் நண்பகல் பட்டியல் உறுதியாகும். அதன்பின் அந்த ஆண்டுத் தேர்வு அவருக்கு இல்லை.

இரண்டு பெயர்களில் ஒருவர் படிப்பை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கே போய்விட்டவர். மற்றவர் பெயர் சகாய ஜெனிட்டா, தீவுகளின் தென்கோடியில் உள்ள கேம்பல் பேயிலிருந்து படிப்பவர். அந்தப் பெயரை ஏற்றும்போது என் விரல் ஒரு கணமும் தயங்கவில்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

2

என் பெருமையையும் நீங்கள் அறிய வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை விளங்காது.

கல்லூரிச் சொற்போர் மன்றத்தில் மூன்றாண்டு காலம் எங்கள் அணி தோற்றதில்லை. மன்றத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சியின்போது பேசுபவன் சொல் கிடைக்காமல் மூன்று நொடி நின்றுவிட்டால், சுற்றியிருக்கும் எல்லாரும் எழுந்து கைதட்டுவோம். பாராட்டும் கைத்தட்டல் அன்று. உட்காரச் சொல்லும் கைத்தட்டல். பேசியவன் உடனே அமர்ந்துவிட வேண்டும். அன்று முழுவதும் அவனுக்கு மறுவாய்ப்பு இல்லை. முதலாம் ஆண்டில் எனக்கு இரண்டுமுறை தட்டினார்கள். அதன்பின் எவரும் தட்ட நான் இடம் கொடுக்கவில்லை. கேள்வியை எறிந்து, அது தரையில் விழுமுன் பதிலையும் நானே பிடித்துக் காட்டும் முறையைக் கற்றேன். "யார் பொறுப்பு? நாம் பொறுப்பு. எப்போது விழிப்போம்? இப்போதே விழிப்போம்." அவை அதிரும்.

இன்னொரு பழக்கம் துண்டுச்சீட்டு. பேச்சின் நடுவே நடுவரிடமிருந்து துண்டுச்சீட்டு வந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: நேரம் முடிந்தது, இறங்கு. கெட்டிக்காரப் பேச்சாளன் சீட்டைப் பார்க்க மாட்டான். கை அதை வாங்கிச் சட்டைப்பையில் வைக்கும். கண் அவையைவிட்டு அகலாது.

இணைய வகுப்பில் திரையின் ஓரத்தில், மாணவர்கள் எழுதியனுப்ப ஒரு பெட்டி உண்டு. முதல் வகுப்பிலேயே அதை மூடிவைத்தேன். பேசும்போது எழுத்துகள் எட்டிப் பார்த்தால் என் நெஞ்சு அதைச் சீட்டு என்றே எண்ணியது. நான் பேசத் தொடங்கியதும் மற்ற எல்லா மைக்குகளையும் அணைக்கும் பொத்தானையும் அழுத்திவிடுவேன். அவையில் சலசலப்பு இருக்கக்கூடாது அல்லவா?

இப்படிப் பேசினேன், வாரந்தோறும், அறுபது நிமிடம். தீவுகளின் தொலைவையும் தாயின் உயிரையும் தூய நீரையும் பற்றி, எதிரே ஆயிரம் பேர் இருப்பதுபோல் பேசினேன். கீழே அக்காவின் எட்டு வயது மகள் கயல் படிக்கட்டில் உட்கார்ந்து என்னைப்போலவே கையை வீசிக் காட்டுவாள். அவளிடம் தமிழில் கேட்டால் இந்தியில்தான் பதில் வரும். பள்ளியில் தோழிகள் வங்காளிகள், தெலுங்கர்கள், விளையாட்டுமொழி இந்தி. "இவ தமிழ் எழுதவே மறந்துட்டா, நீதான் சொல்லிக் குடுக்கணும்" என்று அக்கா என்னிடம் கெஞ்சியது உண்டு. நானும் உட்கார வைத்தேன். பத்து நிமிடத்தில் தமிழின் பெருமையைப்பற்றி ஓர் உரை நிகழ்த்தியிருப்பேன். அவள் பென்சிலை வைத்துவிட்டு, "மாமா, ஆவாஸ் நஹீ ஆ ரஹா ஹை" என்று காதைக் காட்டிவிட்டு ஓடிவிட்டாள். சத்தம் கேட்கவில்லை என்று பொருள். இணைய வகுப்புகளிலிருந்து இத்தீவுப் பிள்ளைகள் எல்லாரும் கற்றுக்கொண்ட வசனம் அது. அன்று நான் சிரித்தேன்.

3

சனிக்கிழமை காலை பத்துமணி அளவில் கைப்பேசி ஒலித்தது.

"சார், நான் ஜெனிட்டா பேசுதேன்."

"எந்த ஜெனிட்டா?"

நீண்ட இடைவெளி. இணைப்பு போய்விட்டது என்று எண்ணி வைக்கப்போனேன். அப்போது வந்தது பதில்.

"நேத்து ரெண்டு பேர இன்ஆக்டிவ்னு போட்டியள்லா. அதுல ஒருத்தி, கேம்பல் பே."

எனக்குச் சற்றுக் கூச்சம் வந்தது. கூச்சம் வந்தால் என் தமிழ் இன்னும் இறுகும். "அம்மா, விதி தெளிவாக இருக்கிறது. நான்கு வகுப்புகளில் தாங்கள் ஒருமுறையும் பங்கேற்கவில்லை" என்றேன்.

மீண்டும் அதே இடைவெளி. அந்த இடைவெளியில் நான் இன்னும் இரண்டு வாக்கியங்கள் பேசிவிட்டேன். அவர் குரல் என் மூன்றாம் வாக்கியத்தின் மேல் வந்து விழுந்தது.

"நாலு கிளாஸ்லயும் பதில் சொன்னேன் சார்."

"ஆதாரம் இருக்கிறதா?"

கேட்டுவிட்டேன். ஒரு பெண் தன் ஓராண்டைப்பற்றிப் பேசும்போது, நான் எதிரணியின் தலைவனைக் கேட்பதுபோல ஆதாரம் கேட்டேன்.

"ரெக்கார்டிங் இருக்கும்லா. உங்க பேச்ச விட்டுட்டு மத்ததக் கேளுங்க சார்."

பிறகு அவர் சொன்னதைத் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். அவர் வேலை செய்யும் துணை சுகாதார நிலையம் கேம்பல் பேயிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே சிக்னல் இல்லை. ஞாயிறு டியூட்டியைப் பாதியில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வண்டி பிடித்து, கப்பல் வந்து அணையும் ஜெட்டிக்கு வருகிறார். அங்கேதான் கொஞ்சம் நெட் நிற்கும். "கேள்வி கேக்கிய. நான் பட்டன அமுக்குதேன். அது சுத்திக்கிட்டே கெடக்கும் சார். பச்சையாகி நான் 'சார்'னு சொல்லுததுக்குள்ள நீங்களே பதில் சொல்லி முடிச்சு, அடுத்த கேள்விக்கும் பதில் சொல்லியிருப்பிய. ஒடனே எங்க மைக்க ஆஃப் பண்ணிருவிய."

"எழுதியாவது அனுப்பியிருக்கலாமே?"

இம்முறை இடைவெளி முடிந்ததும் ஒரு சிறு சிரிப்பு வந்தது.

"எழுதாமயா இருந்தேன்?"

வைப்பதற்குமுன் ஒன்று சொன்னார். குரலில் கெஞ்சல் இல்லை. மருந்துச்சீட்டு வாசிப்பதுபோல் சொன்னார். அவருடைய வேலையும் ஒப்பந்தம்தான். அதை நிரந்தரமாக்கும் விண்ணப்பத்துக்கு இந்தப் பட்டயம் வேண்டும். "அடுத்த பேட்ச் முடிக்க இன்னொரு வருசம் ஆவும். அப்ப எனக்கு வயசு லிமிட் தாண்டிரும் சார். அதான் கேட்டேன். வேற ஒண்ணுமில்ல."

4

அன்று பகல் நான்கு பதிவுகளையும் கேட்டேன். என் குரலை நான் விரும்பிக் கேட்பவன். இதையும் சாட்சியிடம் மறைக்கவேண்டாம். முதல் கால்மணி நேரம் என் ஏற்ற இறக்கங்களில் மனம் லயித்தது. பிறகுதான் கீழே கிடந்தவை கேட்கத் தொடங்கின.

"காய்ச்சலோடு வருபவரிடம் நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வி எது?" என்று முழங்குகிறேன். ஒரு மூச்சு அளவு இடைவெளி. "எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பதே அந்தக் கேள்வி" என்று நானே சொல்லி, அதன் சிறப்பை விளக்கப் புகுகிறேன். பின்னால், மிகத் தொலைவில், "சா" என்று ஓர் ஒலி. அவ்வளவுதான், பொத்தான் அதை விழுங்கிவிட்டது. நான்கு வகுப்புகளில் பதினோரு இடங்களில் அந்தப் பாதி எழுத்தைக் கண்டுபிடித்தேன். வருகைப்பதிவின்போது "எஸ் சார்" என்று மட்டும் சொன்ன நகரத்து மாணவர்கள் அத்தனைபேருக்கும் நான் பங்கேற்பு மதிப்பெண் கொடுத்திருந்தேன். ஜெனிட்டாவின் பெயரைக் கூப்பிட்டு, அவர் குரல் வந்துசேருமுன் அடுத்த பெயருக்குப் போயிருந்தேன்.

பிறகு, எழுத்துப் பெட்டியின் பதிவுகளைத் திறந்தேன். பல்கலைக்கழகம் அதைத் தனிக்கோப்பாகச் சேமித்துவைக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. காய்ச்சல் கேள்விக்கு அவர் எழுதியிருந்தது இது: "எத்தன நாள்னு கேக்க மாட்டேன் சார். கேட்டா எல்லாரும் ரெண்டு நாள்னுதான் சொல்லுவாங்க. ஒரு வாரம் ஆயிருந்தாலும் ரெண்டு நாள்தான். திட்டுவோம்னு பயம். கொசுவல எங்க கட்டிருக்கீங்கன்னு கேப்பேன். அப்புறம் விரல்ல குத்தி ரத்தம் எடுப்பேன்."

என் பாடத்தில் அது இல்லை. எந்தப் பாடத்திலும் இருக்குமா என்று தெரியவில்லை.

நான்காம் வகுப்பின் கடைசி வரி: "சார், என் சத்தம் உங்களுக்கு வருதா?" அதற்கு நேரே பதிவாகியிருந்த நிமிடத்தில் நான் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்று ஒலிப்பதிவில் தேடினேன். 'மக்கள் குரலுக்குச் செவிசாய்ப்பதே நலவாழ்வுப் பணியின் உயிர்' என்று பேசிக்கொண்டிருந்தேன்.

இரவு உணவு இறங்கவில்லை. "மேலுக்கு ஏதும் சுகமில்லையா?" என்று அக்கா நெற்றியைத் தொட்டாள். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கயல் என் முகத்தருகே வந்து, "ஆவாஸ் நஹீ ஆ ரஹா ஹை" என்றாள். இம்முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5

ஞாயிறு மூன்று மணி. இருபத்தோரு கறுப்புக் கட்டங்கள். ஜெனிட்டாவின் பெயர் இல்லை; நானே பூட்டிய கதவு.

ஒரு சோதனை செய்வதென்று முடிவெடுத்திருந்தேன். "சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துவந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவரை எப்படித் திரும்ப அழைத்துவருவீர்கள்?" என்று கேட்டேன். என் மைக்கை அணைத்தேன். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று நொடி. கல்லூரி அறையில் எல்லாரும் எழுந்து கைதட்டும் ஓசை என் காதில் உண்மையாகவே கேட்டது. ஐந்து. வெளியே தகரக் கூரையில் மழை தொடங்கியது. ஏழு. படிக்கட்டிலிருந்து மச்சான் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, நெட் பந்தா?"

கையசைத்து அவரை அனுப்பினேன். நெட் பந்தில்லை, நின்றுபோய் பந்த் ஆனது நான்தான் என்று சொல்லத் தோன்றியது. ஒன்பது. பத்து.

"சார்? ஹலோ? சார் இருக்கீங்களா?" ரங்கத் என்னும் ஊரிலிருந்து தங்கவேல், மருந்துக் கடையில் பணிபுரிபவர்.

பேச வாயெடுத்தவன், மைக்கைத் திறக்கப்போன விரலை ஏனோ பின்னிழுத்துக்கொண்டேன்.

"சார் போயிட்டாரு போல. லைன் கட்டு."

"நல்லதாப் போச்சு. இப்பவாச்சும் நாம பேசலாம்" என்றாள் ஒரு பெண். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"ஏ, ரெக்கார்ட் ஆகுது, பாத்து."

"ஆவட்டும். அவரு பேசினா ரேடியோ நியூஸ் மாதிரில்ல இருக்கு. நமக்குப் பாதித் தமிழ், பாதி இந்தி. தப்பாச் சொல்லிட்டா என்ன செய்யன்னே நான் வாயத் தொறக்குறதில்ல."

"சரி, அந்த மாத்திர மேட்டருக்கு வா. எங்க கடைல ஒரு தாத்தா, மாத்திரய நிறுத்திட்டாரு. கேட்டா, 'சக்கர எறங்கிருச்சு, கத்தம், முடிஞ்சுபோச்சு'ங்குறாரு. நான் ஒண்ணும் சொல்லல. அவரு பொண்டாட்டிட்ட, 'நாளைக்கி வரும்போது பழைய அட்டையக் கொண்டாங்க'ன்னேன். காலி அட்ட எத்தனன்னு எண்ணிப் பாத்தா தெரிஞ்சுபோயிரும்ல?" இது தங்கவேல்.

"அட, இது நல்லாருக்கே."

ஒருவர் சொன்னதன்மேல் மற்றவர் ஏறி வந்தார்கள். நோயாளியின் வீட்டு நாயைப்பற்றிப் பேச்சுப் போயிற்று. செருப்பில்லாமல் நடப்பவரின் கால் புண்ணில் வந்து நின்றது. என் ஏழு மாத வகுப்பில் நான் ஒருபோதும் கேட்டிராத ஓசை அது. நான் இல்லை என்று நம்பியதால் எழுந்த ஓசை.

பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "ஜெனிட்டாக்கா பேரு காணோமே?"

"இன்ஆக்டிவ் போட்டுட்டாங்களாம்."

"யாரு, அக்காவயா? அது ஜெட்டில கொடய பிடிச்சிட்டு நின்னுல்ல கிளாஸ் கேக்கும். போன வாரம் போன் நனைஞ்சிரும்னு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் காதுல வச்சிருந்துச்சாம்."

"அப்ப யாருதான் ஆக்டிவாம்?"

நான் மைக்கைத் திறந்தேன். "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்றேன்.

கறுப்புக் கட்டங்கள் மீண்டும் கறுப்புக் கட்டங்களாயின. மழை மட்டும் கேட்டது.

6

திங்கள் நண்பகலுக்குள் பட்டியலைத் திருத்தவேண்டும். ஏற்றிய பெயரை இறக்க இணையதளத்தில் வழியில்லை. ஆசிரியர் எழுத்துமூலம் காரணம் காட்டி, ஒருங்கிணைப்பாளர் குழுவின் முன் வைக்கவேண்டும். அந்தக் கடிதம் ஆசிரியரின் பணிக்கோப்பிலும் சேரும். என் ஒப்பந்தப் புதுப்பிப்புக்கான கோப்பு அப்போது அதே மேசையில் கிடந்தது.

காலை ஏழு மணிமுதல் எழுதினேன். முதல் வரைவில், தீவுகளின் தொலைத்தொடர்பு நிலையை விரித்துரைத்தேன். இரண்டாம் வரைவில், குரலை மட்டும் பங்கேற்பாகக் கொள்ளும் விதியின் பொருத்தமின்மையை நிறுவினேன். மூன்றாவதில், இரண்டையும் இணைத்து மூன்று பக்கம். அழகான கடிதம், எந்தப் போட்டியிலும் பரிசு வாங்கியிருக்கும். பத்தரைக்கு அனுப்பினேன். பதினோரு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் மேடம் அழைத்தார். ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. எப்போதும் களைத்த குரல்.

"உங்க லெட்டர் படிச்சேன் தம்பி. நெட்வொர்க் தப்பு, போன் தப்பு, யூனிவர்சிட்டி தப்பு. எல்லாம் இருக்கு. அந்தப் பொண்ணு பேசுச்சா, பேசலையா? அதுமட்டும் இல்லையே."

"பேசினார் மேடம்."

"அப்ப ஏன் லிஸ்ட்ல போட்டீங்க?"

என்னிடம் அப்போதும் மூன்று விடைகள் தயாராக இருந்தன. மூன்றுமே உண்மைதான். மூன்றிலும் நான் இல்லை.

"அவர் பேசிமுடிக்க நான் நேரம் கொடுக்கவில்லை."

"அத எழுதி அனுப்புங்க. பன்னெண்டுக்குள்ள. இது உங்க ஃபைலுக்கும் போவும், தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"கமிட்டி என்ன சொல்லும்னு நான் இப்ப சொல்ல முடியாது."

சொற்போரில் எதிரணிக்கு ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்காதவன் நான். பதினொன்று நாற்பதுக்கு எழுதியது மூன்று வாக்கியங்கள்: 'மாணவி நான்கு வகுப்புகளிலும் பேசினார், எழுதியும் அனுப்பினார். நான் கேட்கவில்லை, வாசிக்கவில்லை. தவறு என்னுடையது.' பதிவுகளை இணைத்து அனுப்பினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச்சிறிய உரை அது.

உடனே ஜெனிட்டாவை அழைத்தேன். தொடர்பெல்லைக்கு வெளியே. மாலையிலும் அப்படியே. கேம்பல் பே பக்கம் மழையில் நெட்வொர்க் முழுவதும் போய்விட்டது என்று மறுநாள் மச்சான் துறைமுகத்தில் கேட்டுவந்து சொன்னார். குழுவிடமிருந்தும் செய்தி இல்லை. நான் மின்னஞ்சலைத் திறந்து மூடியவண்ணம் இருந்தேன். அனுப்பிய குறுஞ்செய்திகள் போய்ச்சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றன. அவர் என்ன நினைத்திருப்பார்? ஆதாரம் கேட்ட ஒருவனிடமிருந்து இனி எதையும் எதிர்பார்க்காமல் ஜெட்டிக்கு வருவதையே விட்டிருப்பார்.

"இப்பிடியே போனையே மொறச்சுட்டு இருந்தா ஆச்சா?" என்றார் மச்சான். "வியாழக்கெழம கப்பல் போகுது. சிட்டி எழுதிக் குடு மாப்ள. தெரிஞ்ச ஆளுட்ட குடுத்து விடுறேன். ரெண்டு நாள்ல போயிரும்."

"இந்தக் காலத்தில் கடிதமா?"

"அரே, ஒன் நெட்ட விட எங்க ஜஹாஸ் நம்பிக்கையானது."

துண்டுச்சீட்டு அளவுக்கு ஒரு தாளில் எழுதினேன்: 'நீங்கள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். கொசுவலைக் கேள்வியை இனி நானும் கேட்பேன். தவறு என்னுடையது என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன், முடிவு தெரியவில்லை. ஞாயிறு மூன்று மணிக்கு ஒருமுறை இணைப்பை அழுத்திப் பாருங்கள்.' அடைமொழி ஒன்றுமில்லாத தமிழ். கயல் அதை எழுத்துக்கூட்டி வாசித்து, "மாமா, இது எனக்கே புரியுது" என்றாள். நான் கவனித்தேன்; அதை அவள் தமிழில்தான் சொன்னாள்.

7

ஞாயிற்றுக்கிழமை. சனி மாலைவரை குழுவின் முடிவு வரவில்லை. என் ஒப்பந்தத்தைப்பற்றியும் ஒரு சொல் இல்லை. இதை எழுதும் இன்றுவரை இல்லை.

மூன்று மணிக்கு இருபத்தொரு கட்டங்கள். எழுத்துப் பெட்டியைத் திறந்துவைத்தேன். மற்றவர்களின் மைக்கை அணைக்கும் பொத்தானின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டியிருந்தேன். விரல் பழக்கத்தில் போய்விடும் என்ற அச்சம். வருகைப்பதிவு எடுத்தேன். மணி மூன்று ஐந்து. பாடத்தின் முதல் பக்கத்தை விரித்தேன். அப்போதும் இருபத்தொன்றுதான். மூன்று ஏழுக்கு, பட்டியலின் அடியில் ஒரு கட்டம் சுழலத் தொடங்கியது. சுழன்றது, நின்றது, மறைந்தது. மீண்டும் சுழன்றது. பிறகு அதில் எழுத்துகள் வந்தன: சகாய ஜெனிட்டா.

குழு முடிவெடுத்துவிட்டது, எனக்கு அறிவிக்க மறந்திருக்கிறார்கள். பூட்டுத் திறந்ததுதான் அறிவிப்பு.

நான் தயாரித்திருந்த தொடக்கவுரையை விட்டுவிட்டேன். "காய்ச்சலோடு ஒருவர் வருகிறார். முதலில் அவரிடம் என்ன கேட்பீர்கள்?" என்று கேட்டு, என் மைக்கை அணைத்தேன்.

எண்ணினேன். மூன்றில் காதுக்குள் பழைய கைத்தட்டல் வந்தது. தட்டட்டும் என்று விட்டேன். ஆறில் யாரோ இருமினார்கள். எட்டில் தங்கவேல், "சார் இருக்காரு, மைக்குதான் ஆஃப்" என்று யாருக்கோ கிசுகிசுத்தார். பதினொன்று. கப்பல் தாமதமாகியிருந்தால்? தாள் போய்ச்சேராமல், பழக்கத்தில் மட்டும் அழுத்திப் பார்த்தவராக இருந்தால்? என் குரலைக் கேட்டதும் வெளியேறிவிட்டால்? பன்னிரண்டு. பதின்மூன்று.

பதினான்காம் நொடியில் காற்றின் இரைச்சல் வந்தது. கடற்காற்று. அதன் நடுவே ஒரு குரல்.

"சார்... கேக்குதா?"

"கேட்கிறது."

மறுபடி நீண்ட இடைவெளி. இம்முறை அந்த இடைவெளிக்குள் நான் ஒன்றையும் போட்டு நிரப்பவில்லை.

"உங்க சீட்டு வந்துச்சு சார். நனையாமதான் வந்துச்சு. கேள்விக்குப் பதில் சொல்லவா?"

சொன்னார். கொசுவலையில் தொடங்கினார். ஐந்து நிமிடம் பேசினார். நடுவில் இருமுறை அறுந்து, இருமுறை திரும்பி வந்தார். ஒருவரும் குறுக்கிடவில்லை. முடித்தபின் தங்கவேல் ஒரு சந்தேகம் கேட்டார். அதற்கும் பதினான்கு நொடி காத்திருந்தோம், எல்லாருமாக.

அவர் முடித்தபின் நான் மைக்கைத் திறந்தேன். இருபத்திரண்டு பேரிடமும் நடந்ததைச் சொன்னேன்: யார் பெயரை ஏற்றினேன், ஏன் ஏற்றினேன், போன ஞாயிறு அவர்கள் பேசியதை ஒளிந்திருந்து கேட்டேன் என்பதையும். பிறகு மேடைத் தமிழை ஒதுக்கிவைத்துவிட்டு, வீட்டில் பேசும் வாயால், அவர்கள் எல்லாரும் கேட்க, உரக்கச் சொன்னேன். நண்பரே, நீங்கள் சாட்சி நிற்கவேண்டியது இந்தச் சொற்களுக்குத்தான்:

"இனிமே நான் ஒரு கேள்வி கேட்டா, இருபது எண்ணி முடிக்கிறவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். நீங்க எழுதுறதைக் கிளாஸ் முடியுறதுக்குள்ள படிப்பேன். யாரு பேரையும், அவங்க நிக்கிற எடத்துக்கு நானே போன் போட்டு, அவங்க பேசி முடிக்கிறதைக் கேக்காம, எந்த லிஸ்ட்லயும் ஏத்த மாட்டேன்."